கேமராவில் கேட்காத சத்தம்

என் மகள் அமெரிக்காவில் ஓர் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். இரண்டாம் வகுப்பு, இருபத்திரண்டு பிள்ளைகள். எங்களுக்குச் சாயங்காலம் ஐந்து மணி ஆகும்போது அவளுக்குப் பொழுது விடிந்தும் விடியாமலும் இருக்கும். பள்ளிக்குக் கிளம்பும் முன் காபிக் கோப்பையும் கையுமாக வீடியோவில் வருவாள். அவள் பின்னால் ஜன்னல் நீலமாக இருக்கும். காரைக்குடியில் எங்கள் வீட்டு ஜன்னலில் வெயில் மஞ்சளாகச் சரிந்துகொண்டிருக்கும். ஒரே நேரத்தில் இரண்டு பொழுதுகளைப் பார்த்துக்கொண்டு பேசுவது எனக்கு இன்றுவரை பழகவில்லை. அரைத்தூக்கத்தில் பேசுகிற மாதிரியே இருக்கும்.

அப்படி ஒரு திங்கட்கிழமை சாயங்காலம்தான் அவள் அதைச் சொன்னாள். பக்கத்து ஊரில் ஒரு கடைவளாகத்துக்குள் எவனோ ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்து கண்ணில் பட்டவர்களைச் சுட்டிருக்கிறான். அதற்குப் பிறகு அவள் பள்ளியில் ஒரு ஏற்பாடு வந்திருக்கிறது. விருப்பப்பட்ட டீச்சர்கள் வகுப்பில் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். சில நாள் பயிற்சி கொடுப்பார்கள். வைத்துக்கொள்கிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றாள். கடைக்குப் போய் வெங்காயம் வாங்கப் போகிறேன் என்கிற தொனியில் சொன்னாள்.

அவள் முட்டாள் இல்லை. யோசித்துத்தான் பேசினாள். போலீஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் சில நிமிஷம் ஆகும், அந்தச் சில நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்றாள். மாதம் ஒருமுறை விளக்கை அணைத்துவிட்டு, பிள்ளைகளைச் சுவரோரம் உட்கார வைத்து, மூச்சுச் சத்தம்கூட வராமல் இருக்கப் பழக்குகிறார்களாம். ஏழு வயதுப் பிள்ளைகள். ஒரு சிறுமி, சேலை நுனியைப் பிடிக்கிற மாதிரி, இவள் பேண்ட் துணியைப் பிடித்துக்கொண்டே இருப்பாளாம்.

"கதவுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவுல நான் ஒருத்திதான்ப்பா இருக்கேன். கையில ஒரு மார்க்கர் பேனா. அதை வச்சு நான் என்னப்பா செய்ய?"

பெற்றவன் என்கிற முறையில் வேண்டாம் என்றேன். பயிற்சி போதாது என்றேன். அதற்கு அவள் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் என் வாயை அடைத்தது.

"நீங்க வச்சிருந்தீகள்லப்பா. அன்னைக்கு பேங்க்ல எப்படி நின்னீக. விரலு விசையில இருந்தும் சுடாம நின்னீகளே. நான் ஒங்க மகதானே. எனக்கும் அந்தப் பொறுமை இருக்கும்."

அந்தக் கதை பொய். ஊரே நம்புகிற பொய். நான் சொல்லிப் பரப்பியது இல்லை. ஆனால் மறுத்ததும் இல்லை. பத்து வருஷமாகப் பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை. இப்போது அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு என் மகள் கையில் துப்பாக்கி எடுக்கப் போகிறாள். உண்மையைச் சொன்னால் அவள் மனசில் இருக்கிற அப்பா போய்விடுவான். சொல்லாவிட்டால் அவளே போய்விடலாம், அல்லது அவள் கையால் வேறு யாராவது. வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது.

நான் பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, பள்ளத்தூரில் ஒரு வங்கிக் கிளையில் கன்மேனாகச் சேர்ந்தவன். பழைய பெரிய வீடு ஒன்றின் முன்கட்டை வாடகைக்கு எடுத்து அந்தக் கிளையை வைத்திருந்தார்கள். வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே கிணற்றடி மாதிரி குளிர்ந்து கிடக்கும். வாசற்கதவுக்கு மேலே அரைவட்டமாகச் சிவப்பும் பச்சையுமாக வண்ணக் கண்ணாடி. மத்தியானத்தில் அந்த வண்ணங்கள் தரையில் விழுந்து, மெல்ல நகர்ந்து, மூன்று மணிக்கு என் ஸ்டூலுக்குக் கீழே வந்து சேரும். மடியில் இரட்டைக்குழல் துப்பாக்கி. மேலே மின்விசிறி கிறீச்சிட்டபடி சுற்றும். அந்த நேரத்தில் நான் விழித்திருந்தேனா தூங்கினேனா என்று யாராவது கேட்டால் எனக்கே தெரியாது. தெருவில் காரைக்குடி பஸ் போகிற சத்தம் எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி வரும்.

அங்கே இருந்த பதினான்கு வருஷத்தில் ஒரு திருடன் வந்ததில்லை. துப்பாக்கிக்குப் பயந்து வரவில்லையா, வருகிற எண்ணமே யாருக்கும் இல்லையா, சத்தியமாக எனக்குத் தெரியாது. இதைப் பற்றி அடித்துச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

தேர்தல் அறிவித்துவிட்டால் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வழக்கம் என்ன, சட்டம். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிற எல்லோரும் அதைக் கொண்டுபோய் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். தேர்தல் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வங்கித் துப்பாக்கிகளுக்கு மட்டும் விலக்கு. அந்த ஒரு வாரம் பார்க்க வேண்டுமே. ஐந்து வருஷமாக பீரோவுக்குள் தூங்கிக்கொண்டிருந்த துப்பாக்கியெல்லாம் ஜமுக்காளத்தில் சுருட்டி, சாக்கில் கட்டி, காரிலும் ஸ்கூட்டரிலும் ஊர்வலம் போகும். ஊரில் யாரிடமும் ஆயுதம் இருக்கக் கூடாது என்பதற்காக, ஊரிலுள்ள ஆயுதம் பூராவும் வீதிக்கு வருகிற வாரம் அது.

பத்து வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம் அப்படி ஒப்படைக்கக் கிளம்பியவர், வங்கிக்கு நாலு வீடு தள்ளி இருந்த பெரிய வீட்டுக்காரர். ஐம்பது வயது இருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் மேனேஜரிடம் ஒரு கையெழுத்து வாங்கிவிட்டுப் போகலாம் என்று வங்கி வாசலில் காரை நிறுத்தியிருக்கிறார். காரின் பின்சீட்டில் அவருடைய அப்பச்சி, அதாவது அவருடைய தகப்பனார், வாங்கிய பழைய துப்பாக்கி.

அதே நேரத்தில்தான் ஒரு கட்சியின் வேட்பாளர் பெயர் டி.வி.யில் வந்திருக்கிறது. கட்சிக்காரர்கள் நாலைந்து பேர் கோயில் திருவிழாவுக்கு வைக்கிற அதிர்வேட்டைக் கொண்டுவந்து, நிழலாக இருக்கிறதே என்று, வங்கிச் சுவரோரச் சந்தில் வைத்துவிட்டார்கள்.

கட்டிடமே ஒரு உலுக்கு உலுக்கியது. கதவுக்கு மேலிருந்த சிவப்புக் கண்ணாடி பொலபொலவென்று உள்ளே கொட்டியது. கந்தக வாடையோடு புகை. கவுண்டரில் நின்ற பெண்கள் அலறிக்கொண்டு தரையில் படுத்தார்கள். மேனேஜர் மேஜைக்குக் கீழே போய்விட்டார். வெளியே சரவெடி பிடித்துக்கொண்டு படபடவென்று ஓடியது. அது சரவெடி என்று இன்றைக்கு எழுதுகிறேன். அன்றைக்கு என் காதுக்கு அது துப்பாக்கிச் சூடு. வேறு எதுவாகவும் இருக்க முடியாது என்று என் உடம்பு முடிவு செய்துவிட்டது.

நான் எழுந்து நின்றது எனக்கு நினைவில்லை. துப்பாக்கி தோளில் இருந்தது. வாசல் முழுக்க வெள்ளை வெளிச்சம். புகைக்குள்ளிருந்து ஒரு உருவம் உள்ளே பாய்ந்தது. காகிதத்தில் வெட்டி ஒட்டியது மாதிரி கறுப்பு உருவம். கையில் நீளமாக ஒன்று. அதற்கு முகம் இல்லை. எல்லாம் அவ்வளவு மெதுவாக நடந்தது. கண்ணாடித் துண்டு ஒன்று அந்த உருவத்தின் காலடியில் சிவப்பாக மின்னியதுகூட எனக்குத் தெரிந்தது. முகம் மட்டும் தெரியவில்லை.

நான் விசையை அழுத்தினேன்.

டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். தோட்டா வெடிக்கவில்லை. எத்தனை வருஷத்துத் தோட்டாவோ, எத்தனை மழைக்காலம் நமுத்துக் கிடந்ததோ. இரட்டைக்குழலுக்கு இரண்டு விசை. என் விரல் முதல் விசையை விட்டுவிட்டு இரண்டாவதற்கு நகர்ந்துகொண்டிருந்தது. அப்போது அந்த உருவம் பேசியது.

"மிலிட்டரி, நாந்தேன்."

பெரிய வீட்டுக்காரரின் குரல். என்னை மிலிட்டரி என்றுதான் கூப்பிடுவார். வங்கியைக் கொள்ளையடிக்கிறார்கள் என்று நினைத்து, எங்களைக் காப்பாற்றத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஓடிவந்திருக்கிறார் மனுஷன். அதில் தோட்டாகூட இல்லை. நான் துப்பாக்கியைத் தாழ்த்தினேன்.

மேலே இருந்த கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. நான் குறிபார்க்கிறேன். அசையாமல் நிற்கிறேன். பிறகு மெதுவாகத் துப்பாக்கியைத் தாழ்த்துகிறேன். அந்தக் கேமராவுக்குச் சத்தம் பிடிக்கத் தெரியாது. மேனேஜர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினார். என்ன ஒரு நிதானம், என்ன ஒரு பொறுமை, பட்டாளத்துப் பயிற்சின்னா சும்மாவா என்றார். மேலதிகாரிகள் வந்து பொன்னாடை போர்த்தினார்கள். பத்திரிகையில் ஒரு மூலையில் என் படம் வந்தது. வீட்டில் என் மனைவி மட்டும், கரப்பான் பூச்சியைக் கண்டால் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற மனுஷனுக்குப் பொறுமைக்குப் பரிசா என்று கேலி செய்தாள். அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகள் அந்தப் பத்திரிகைத் துண்டைக் கத்தரித்து லேமினேட் செய்து வைத்துக்கொண்டாள்.

ஊர்ப்பேச்சு இன்னும் வேடிக்கை. இரண்டு பேர் துப்பாக்கியோடு இருந்ததால்தான் வங்கி தப்பித்தது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். எதிலிருந்து தப்பித்தது? ஒரு வேட்டிலிருந்து. அதைக் கேட்க அங்கே ஆள் இல்லை.

நான் அன்று கழிப்பறைக்குள் போய் கதவைச் சாத்திக்கொண்டு தோட்டாவை வெளியே எடுத்தேன். அதன் பின்பக்கத்தில் துப்பாக்கி ஊசி குத்திய பள்ளம் இருந்தது, நான் விசையை அழுத்தியதற்குச் சாட்சியாக. அதை மற்ற தோட்டாக்களோடு பெட்டியில் போட்டுவிட்டேன். அடுத்த வருஷம் பழைய தோட்டாக்களை மாற்றியபோது அதுவும் போய்விட்டது. யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

பெரிய வீட்டுக்காரர் அதன் பிறகு என் கையைப் பிடிக்காமல் பேசியதில்லை. பொங்கல் வந்தால் கட்டுக் கரும்பு வரும். வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் முதல் அழைப்பு எனக்கு. "ஒங்க நிதானத்துலதேன் இந்த உசுரு நிக்குது" என்பார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் தூக்கத்தில் அந்தத் தோட்டா வெடிக்கும். அடிக்கடி இல்லை, வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை, பெரும்பாலும் மத்தியானத் தூக்கத்தில். சத்தம் வராது. வாசலில் நிற்கிற கறுப்பு உருவம் மட்டும் அசதியாக வந்தவர் உட்காருகிற மாதிரி, சிவப்பும் பச்சையுமாக வெளிச்சம் விழுந்த தரையில் மெதுவாக உட்காரும். நான் பக்கத்தில் போவேன். வெகுநேரம் நடந்துகொண்டே இருப்பேன், அந்தச் சின்ன அறையில். முகத்தைப் பார்ப்பதற்குள் விழிப்பு வந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மகளிடம் வேறு வேறு வழியில் சொல்லிப் பார்த்தேன். பிள்ளைகள் இருக்கிற இடத்தில் துப்பாக்கி கைதவறிப் போகும் என்றேன். பூட்டிய பெட்டியில் இருக்கும் என்றாள். பூட்டைத் திறப்பதற்குள் அவன் வந்துவிட்டால் என்றேன். சும்மா நிற்பதைவிட அது மேல் என்றாள். புதன்கிழமை கோபப்பட்டுக் கத்தினேன். என் குணம் அது. அவள் அழுதாள். "நான் செத்தாலும் பரவாயில்லப்பா. அந்தப் பிள்ளைக சாகுறதைப் பாத்துக்கிட்டு நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அவள் சொன்னது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. உண்மையிலேயே ஒருவன் வந்து நின்றால், அவள் கையில் துப்பாக்கி இருந்தால், அந்த இருபத்திரண்டு பேரும் பிழைக்கலாம். அப்படியும் நடக்கும். ஆனால் நான் நின்ற வாசலில் வந்து நின்றவர் நல்லவர். நானும் கெட்டவன் இல்லை. இரண்டு நல்லவர்கள், இரண்டு பேருமே மற்றவர்களைக் காப்பாற்ற நின்றவர்கள். ஒரு நமுத்துப்போன தோட்டாவால்தான் ஒருவர் பிணமாகாமலும் இன்னொருவன் கொலைகாரன் ஆகாமலும் தப்பித்தோம். பதினேழு வருஷம் பயிற்சி எடுத்த என் லட்சணம் இது. அவளுக்கு எத்தனை நாள் பயிற்சி கொடுப்பார்கள்?

வியாழக்கிழமை ஐந்து மணிக்கு அவளே கூப்பிட்டாள். முந்தின நாள் அழுகைக்கு வருத்தப்பட்டாள். என் மனைவி பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளை எழுந்து போகச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு அவளும் கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"தாயி, அன்னைக்கு நான் பொறுமையா நிக்கல. விசையை அமுக்கிட்டேன். தோட்டா வெடிக்கல. அம்புட்டுத்தேன்."

அவளுக்கு விளங்கவில்லை. வீடியோவில் அவள் அப்படியே உறைந்து போனாள், நெட்வொர்க் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு உதடு அசைந்தது. கேமராவில் நீங்கள் சுடவில்லையே என்றாள். கேமராவில் சத்தம் கிடையாது என்றேன். கழிப்பறையில் பார்த்த ஊசித் தடத்தைச் சொன்னேன். இரண்டாவது விசைக்கு விரல் போனதைச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பக்கத்து அறையில் பேசுகிற மாதிரி கேட்டது.

பிறகு அவள் கேட்டாள்.

"அப்ப நாம பள்ளத்தூர்லதானே குடியிருந்தோம், எனக்குக் காலேஜ் லீவு. மத்தியானம் ஒங்களுக்குச் சோறு நான்தானேப்பா கொண்டு வருவேன். வெயிலுக்கு நீளக் குடையை எடுத்துக்கிட்டு. அந்த நேரம் நான் ஓடி வந்திருந்தா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உன் நடையை வைத்தே கண்டுபிடித்திருப்பேன், பெற்ற பிள்ளையை அப்பனுக்குத் தெரியாதா என்று சொல்லத்தான் நினைத்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் அது இன்னொரு பொய்.

"நீயா இருந்தாலும் அமுக்கியிருப்பேன் தாயி. நான் மொகத்தைப் பாக்கவே இல்ல."

அவள் தலையை ஆட்டினாள். வைக்கிறேன்ப்பா என்றாள். திரை இருண்டது. என் முகம் அதில் தெரிந்தது.

என் மனைவி கீரையை அப்படியே முறத்தில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவுக அனுப்புன கரும்பை எப்படிங்க தின்னீக?" என்று மட்டும் கேட்டாள். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்று எனக்குச் சோற்றை மட்டும் எடுத்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அழைப்பு வரவில்லை. ஐந்து மணியிலிருந்து இருட்டும்வரை போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நானாகக் கூப்பிடத் தைரியம் இல்லை. அவளுக்கு வகுப்பு தொடங்கியிருக்கும், பிள்ளைகள் வந்திருப்பார்கள், படிவத்தை எடுத்துக்கொண்டு ஆபீஸ் அறைக்கு நடந்துகொண்டிருப்பாள் என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. நான் பார்த்தே இராத ஒரு நீளமான நடைபாதையில் அவள் போய்க்கொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை கூப்பிட்டாள். கண் வீங்கியிருந்தது. எழுதிக் கொடுக்கவில்லை என்றாள். என் மீது கோபம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, போகக் கொஞ்ச நாள் ஆகும் என்றாள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. பெரிய வீட்டுக்காரரிடம் நான் போய்ச் சொல்ல வேண்டும் என்றாள். சொல்கிறேன் என்றேன்.

இனி பயமில்லை என்று மூச்சு விட்டேன். அதைப் பார்த்துவிட்டு அவள் மெதுவாகச் சொன்னாள். அவள் கொடுக்காவிட்டாலும் பள்ளியில் வேறு நாலு டீச்சர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். யார் யார் என்பது ரகசியம். கூட வேலை பார்க்கிறவர்களுக்கும் சொல்ல மாட்டார்களாம்.

"எந்த ரூம்ல இருக்குன்னு எனக்குத் தெரியாதுப்பா. மார்க்கர் வாங்க, பிள்ளைகளைக் கொண்டு விடன்னு ஒரு நாளைக்கு எத்தனை ரூமுக்குள்ள போறேன்."

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பின்னால் ஜன்னல் வெளுத்துக்கொண்டே வந்தது. அந்த வெளிச்சத்தில் அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இருண்டு, கடைசியில் தலையும் தோளும் மட்டும்தான் தெரிந்தன.

"எல்லா வாசல்லயும் நின்னு, பேரைச் சொல்லிட்டு உள்ள போ தாயி," என்றேன்.

"சரிப்பா" என்றாள்.